அக்காவுக்குக் களைப்பு உண்டு

அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்காக உறவினர் ஒருவர் எழுதிக் கொடுத்த முதல் வரி, ‘களைப்பறியாது உழைத்த தியாகச் சுடர்’. அதை நான் அடித்துவிட்டேன். அக்காவுக்குக் களைப்பு உண்டு. அது எப்போது வரும் என்று அறிந்து, முன்கூட்டியே படுத்துக்கொள்ளத் தெரிந்தவர் அவர். இறந்தவரைப் புகழ்வதாக நினைத்து, ஓடாய்த் தேய்ந்தவராக்கிப் பார்ப்பதில் நமக்கு என்ன சுகமோ. எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

தியாகதுருகம் அருகே, எங்கள் கரும்புக் கொல்லையை ஒட்டிய வீட்டில் அக்கா பிறந்தார். ஆசிரியப் பயிற்சி முடித்து, கல்வராயன் மலையில் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். மாமா இளம் வயதிலேயே காலமானார். கைக்குழந்தையோடு தாய்வீடு வந்த அக்கா, குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு மீண்டும் மலைப் பேருந்து ஏறினார். போகவர, பேருந்தில் தூங்குவார். ஊர்க்கதை பேச வருபவர்களிடம், "பசங்ககிட்ட பேச தெம்பு வேணுங்க, தப்பா நெனச்சிக்காதீங்க" என்று கண்ணை மூடிக்கொள்வார். மாலையில் வீடு வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சற்று நேரம் படுப்பார். எழுந்த பிறகுதான் மகளைக் கூப்பிடுவார். அதன்பின் அவள் எத்தனை கேள்வி கேட்டாலும் எரிந்து விழ மாட்டார்.

அந்தக் கதவைத் தட்டாத உறவு நம்மில் குறைவு. பெண் பார்க்க வா, பந்தியில் நின்று பரிமாறு, மனு எழுதிக் கொடு. "ஏதாவது ஒண்ணு செய்றேங்க, எல்லாம் முடியாது" என்பார். முகூர்த்தத்துக்கு வந்தால் முந்தின நாள் வரவேற்புக்கு வரமாட்டார். சம்பளக்காரியின் திமிர் என்று பேசினார்கள். பேசியவர்களின் பிள்ளைகளுக்கும் விடுமுறையில் அக்காதான் கணக்கு சொல்லிக் கொடுத்தார்.

கடைசி நாட்களில், நோய் முற்றி வீட்டிலேயே கிடந்தார். நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கும். சென்னையில் வேலை பார்க்கும் மகள் விடுப்பு கிடைத்து வந்துகொண்டிருந்தாள். "அவ வரட்டும். அவகிட்ட பேசணும்" என்று காலையில் என்னிடம் சொன்னார். அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

அன்றுதான் நம் சனம் திரண்டு வந்தது. படுத்திருப்பவரை உலுக்கி, பெயர் சொல்லச் சொல்வது நம் கெட்ட வழக்கம். "என்னத் தெரியுதா? நா யாரு சொல்லு பாப்போம்." பரீட்சை வைப்பதுபோல் ஆளாளுக்குக் கேட்டார்கள். முதலில் வந்த ஓரிருவருக்கு அக்கா பதில் சொன்னார். மூச்சு இழுத்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். எங்கள் அத்தை கட்டிலில் ஏறி உட்கார்ந்து அவர் கன்னத்தைத் தட்டினார். நான் கையைப் பிடித்து விலக்கினேன். "நெனவு தப்பிடுச்சி, அவ்ளோதான்" என்று அத்தை சொல்லிவிட்டு, யாரோ நோயாளிக்கு வாங்கி வந்த ஆரஞ்சை அங்கேயே உரித்துத் தின்றார். தோலைக் கட்டிலடியில் போட்டார். இந்த மலர் அவர் கைக்கும் போகும், படிக்கட்டும்.

உளுந்தூர்பேட்டையில் வண்டி மாறி, மாலையில் மகள் வந்து சேர்ந்தாள். அவள் குரல் கேட்டதும் அக்கா கண் திறந்தார்.

"வந்துட்டியா. உனுக்கோசரந்தான் கண்ண மூடிக்கினு கெடந்தேன்."

"அப்போ இவ்ளோ நேரம் நடிச்சிக்கினு இருந்தாளா?" என்று அத்தை புடவையை உதறிக்கொண்டு எழுந்தார். இன்றுவரை எங்களோடு பேசுவதில்லை. எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு நான் கதவைச் சாத்தினேன். தாயும் மகளும் விட்டு விட்டு, விளக்கு வைக்கும்வரை பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் காலையில் அக்கா போய்விட்டார்.

வைத்தியம் பார்த்தவர்களுக்கும், இறுதிக் காரியங்களில் உடன் நின்றவர்களுக்கும் எங்கள் நன்றி. மலைப் பேருந்தில் அத்தனை வருடமும் அக்காவின் பக்கத்து இருக்கையில் வந்த ஆசிரியை ஒருவர் உண்டு. மகள் வந்த அன்று பகலில் அவரும் வந்திருந்தார். அக்கா கண் மூடியிருப்பதைப் பார்த்து, "தூங்கட்டுங்க, எழுப்பாதீங்க" என்று வாசலோடு திரும்பிவிட்டார். அந்த அம்மாவுக்கு எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. அக்காவை எழுப்பி அவர் கேட்காமல் போன வார்த்தைகளும் சேர்ந்துதான் அக்காவின் மகளுக்குக் கிடைத்தன.