அரெத்தி வீட்டில் பதினாறு பேர்

என் ஓரகத்தி அரெத்தியைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். நான் அவளுக்கு அடுத்த வீடு. எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன்.

அண்ணனுக்கு நான், தம்பிக்கு அவள். எனக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் இந்த மலைக்கு வாழ வந்தாள். வந்தவள் வரிசையாக ஐந்து பெற்றாள். எனக்குத் தீமியோஸ் ஒருவன்தான் தங்கினான். ஒவ்வொரு பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கும் பாதாம் மிட்டாயை முதலில் என் கையில்தான் கொடுப்பாள். என்ன பாசம் பார் என்று ஊர் மெச்சும். எனக்கு வயிறு எரியும்.

பிறகு பிள்ளைகள் ஏதென்ஸ், பாத்ரா, ஜெர்மனி என்று போய்விட்டார்கள். அண்ணன் தம்பி இருவரும் கல்லறைக்குப் போனார்கள். பெரிய வீட்டில் அவள் ஒருத்தி, சின்ன வீட்டில் நான் ஒருத்தி. யார் என்ன நினைத்தாலும் சரி, அந்த வருடங்களில்தான் நான் நிம்மதியாக இருந்தேன்.

2001 மார்ச்சில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை யார் எந்த வீட்டில் இருக்கிறார்களோ அந்த வீட்டுத் தாளில்தான் எழுதுவார்கள். குளிர்காலத்தில் எங்கள் ஊரில் முப்பத்தொரு பேர். முந்தின வருடம் ஒன்பது சாவு, பிறப்பு ஒன்றுகூட இல்லை. தலை குறைந்தால் பேருந்தை நிறுத்திவிடுவார்கள் என்று ஊர்த்தலைவருக்குப் பயம். ஏதென்ஸில் இருக்கும் எங்கள் பிள்ளைகளை அள்ளிவர இரண்டு பேருந்து பிடித்தார். சுற்றியிருந்த ஊர்களும் அதையேதான் செய்தன.

"எங்க வீட்டுல எல்லாரும் வராங்கக்கா, ஜெர்மனிக்காரன்கூட," என்றாள் அரெத்தி, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று. "தீமியோஸ் வரானா?"

"வராம எங்க போவான்? அவனுக்கு மட்டும் அம்மா இல்லையா?"

பத்து வருடத்துக்கு முந்தைய கணக்கெடுப்புக்கு அவன் வரவில்லை. என் தாளில் ஒற்றைப் பெயர்தான். இந்த முறை வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தான். என் தாளில் இரண்டு பெயர் வேண்டும். அதற்கு மேல் நான் எதற்கும் ஆசைப்படவில்லை.

ஞாயிறு காலை முதல் பேருந்தில் அவள் கூட்டம் வந்து இறங்கியது. என் மகன் இரண்டாவதில் வர வேண்டும். நோன்புக் காலம், அதனால் அவனுக்காக எண்ணெயும் வெங்காயத்தாளும் மட்டும் வைத்துப் பிட்டா ரொட்டி தட்டி அடுப்பில் வைத்தேன். பக்கத்து வீட்டில் சிரிப்புச் சத்தம் காதைப் பிளந்தது. எத்தனை பேர்தான் வந்திருக்கிறார்கள்? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் போனேன்.

"வாங்கக்கா, உட்காருங்க. ஒரு வாய் சாப்பிடுங்க."

உட்கார்ந்தேன். எண்ணினேன். பொடிசு ஒன்று மேசைக்கு அடியில் போய்ப் போய் வந்ததால் கணக்குத் தப்பியது. மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். அவளோடு சேர்த்துப் பதினான்கு. அதற்குள் தீமியோஸ் உள்ளே வந்து நின்றான். வீட்டில் ஆளில்லை, உன் குரல் இங்கே கேட்டது என்றான். தம்பிமார்கள் அவனையும் இழுத்து உட்காரவைத்தார்கள். எழுந்திருடா, நம் வீட்டுக்குப் போவோம் என்று நான் வாய் திறப்பதற்குள் கணக்கெடுக்கும் பெண் தாள்களோடு வந்துவிட்டாள்.

"பக்கத்து வீட்டுல தட்டித் தட்டிப் பார்த்தேன். ஆள் இல்லாத வீடுன்னு எழுதிட்டேன்," என்றாள்.

"அது என் வீடும்மா. நான் இதோ இருக்கேனே."

"உறையில போட்டு ஒட்டியாச்சும்மா. ஒட்டினதைப் பிரிக்கக் கூடாது. இங்க இருக்கிறவங்களை இங்கதான் எழுதணும்."

தீமியோஸ் என்னைப் பார்த்தான். "நீ இங்க என்னம்மா பண்ணிட்டிருந்த?"

"உப்பு வாங்க வந்தேன்," என்றேன். என் கையில் உப்பு இல்லை. அரெத்தி அதைப் பார்த்தாள்.

"எழுதும்மா," என்றாள் அந்தப் பெண்ணிடம், சிரித்துக்கொண்டே. "எங்க அக்காதான். ஒரே குடும்பம்."

பதினைந்தாவது வரியில் நான். பதினாறாவது வரியில் என் மகன்.

சாயங்காலம் பேருந்துகள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போயின. என் அடுப்பில் பிட்டா கரிந்து கிடந்தது. மறுநாள் காப்பிக் கடை வாசலில் ஊர்த்தலைவர் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார், இந்த ஊரிலேயே பெரிய குடும்பம் அரெத்தியுடையதாம், பதினாறு பேராம். அதில் இரண்டு என்னுடையது என்று எப்படிச் சொல்வேன்?

அடுத்த கணக்கெடுப்புக்குப் பத்து வருடம் இருக்கிறது. அதுவரை என் வீடு ஆள் இல்லாத வீடு. அரசாங்கத்தைக் கேட்டால், நான் அரெத்தி வீட்டில் குடியிருக்கிறேன்.