நான் அழித்த படம்

முதலுதவி அறையின் சுவரில், மருந்துக் காலண்டருக்குப் பக்கத்தில், ஒரு படம் மாட்டியிருந்தது. உள்ளங்கையில் கிழிந்த இடத்தை ஸ்பிரிட் விட்டுத் துடைக்கும்போது கத்தாமல் இருப்பதற்காக நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். விடியற்காலை ஏரி. அக்கரையில் எங்கள் தொழிற்பேட்டையின் புகைக்கூண்டுகள். புகை வானத்தில் ஏறுவதைவிடத் தண்ணீருக்குள் இறங்குவதுதான் அதில் தெளிவாகத் தெரிந்தது. மனிதர் ஒருவரும் இல்லை. “யார் எடுத்தது சிஸ்டர்?” என்று கேட்டேன். “நான்தான்க்கா. ஆடாம இருங்க” என்றாள்.

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்த்த கம்பெனியின் நர்ஸ் அவள். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, எல்லோருக்கும் சிஸ்டர்தான். செவ்வாப்பேட்டைக்காரி, என்னைவிடப் பத்து வயது இளையவள். நான் மணவாள நகரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இரும்புப் பாகங்களில் பிசிர் இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளும் காண்ட்ராக்ட் ஆள். எங்கள் வீட்டுச் சுவரில் அன்றுவரை சாமி படமும் காலண்டரும் தவிர ஒன்றும் தொங்கியதில்லை. ஆனாலும் கை ஆறிய பிறகும் ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டு அந்த அறைக்குப் போனேன். ஒரு நாள் துணிந்து, அந்த மாதிரி ஒரு படம் எனக்கு விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. “ஞாயித்துக்கிழம வாங்க. எடுக்கறதைப் பாத்துட்டு, எது புடிக்குதோ அதைக் கேளுங்க” என்றாள்.

வீட்டில் ஓவர்டைம் என்று பொய் சொன்னேன். படம் பார்க்கப் போகிறேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

அவளுடைய ஸ்கூட்டியில் கடலோரம் போனோம். முதல் நாள் நல்ல மழை. உப்பங்கழியில் தண்ணீர் வடிந்து, சேறு கண்ணாடிபோல் மின்னியது. தெற்கே வெகு தூரத்தில் காட்டுப்பள்ளியின் கிரேன்கள் கோடு கிழித்த மாதிரி நின்றன. எங்களுக்குப் பின்னால் ஏதோ ஒரு கம்பெனியின் நீளமான மதில். சிஸ்டர் ஸ்டாண்டை நட்டு, கேமராவில் புதுக் கார்டு ஒன்றைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிட்டாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியும் மேகம் கலையவில்லை. கேமராவில் எடுத்ததை எப்படிப் பார்ப்பது, வேண்டாததை எப்படி அழிப்பது என்று அவள் எனக்குக் காட்டிக்கொடுத்தது அப்போதுதான். பொழுது போவதற்காகக் கற்றுக்கொண்டேன்.

பிறகு மேகத்தில் ஒரு கிழிசல் விழுந்தது. சேறு முழுவதும் ஒரு கணம் செம்பு நிறமானது. வலை கட்ட நட்டிருந்த கழிகள் ஒவ்வொன்றும் தன் நிழலோடு சேர்ந்து இரட்டிப்பு நீளமாயின. சிஸ்டர் மூச்சை அடக்கிக்கொண்டு ஏழெட்டு முறை அமுக்கினாள். அவ்வளவுதான், வெளிச்சம் போய்விட்டது. கடைசியாக எடுத்ததைத் திரையில் எனக்குக் காட்டினாள். என் கையில் மயிர் சிலிர்த்தது. “இதுதான் வேணும்” என்று சொல்ல வாயெடுத்தபோது பின்னால் பைக் சத்தம் கேட்டது.

மதிலைக் காவல் காக்கும் இரண்டு பேர் வந்தார்கள். பெரியவர் இறங்கி வந்து, “இன்னாமா பண்றீங்க இங்க? யாரு அனுப்பிச்சது?” என்றார்.

“யாரும் அனுப்பலண்ணா. தண்ணியத்தான் எடுத்தேன். உங்க சுவத்துக்கு முதுகக் காட்டிக்கினுதானே நிக்கிறேன்? வேணும்னா பாருங்க” என்று சிஸ்டர் கேமராவைக் கழற்றி நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார், திருப்பித் தரவில்லை. இளையவன் எங்கள் பைகளைத் திறக்கச் சொன்னான். என் பையில் சாப்பாட்டு டப்பாவுக்கு மேலேயே கம்பெனி அடையாள அட்டை இருந்தது. அதைப் பெரியவரிடம் கொடுத்தான். அவர் என் முகத்தையும் அட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “உங்க கம்பெனிக்கு ஃபோன் போடட்டா? அவங்க வந்து சொல்லட்டும் நீங்க யாருன்னு.”

காண்ட்ராக்டில் இருப்பவளை வேலையைவிட்டு அனுப்ப ஒரு ஃபோன் போதும். மகள் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் நான் ஓவர்டைமில் இருக்கிறேன். சிஸ்டரோ அசையாமல், “போடுங்கண்ணா. நாங்க ஒண்ணும் தப்பு பண்ணல” என்றாள். அவள் அப்படிச் சொன்னது எனக்கு அப்போது தைரியமாகத் தெரியவில்லை, என் கழுத்தின் மேல் நின்று பேசுவதாகப் பட்டது.

பெரியவர் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு அதை இயக்கத் தெரியவில்லை. சிஸ்டரிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டினார். “நீ அழிச்சுடுமா. எனக்கும் மேல பதில் சொல்லணும். அழிச்சிட்டா ரெண்டு பேரும் போய்க்கினே இருங்க.”

“அக்கா, வாணாம்” என்றாள் சிஸ்டர். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் அழிக்கவா என்று திரை கேட்டது. நான் அமுக்கினேன்.

திரும்பி வரும் வழியில் அவள் பொன்னேரி தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தி, எனக்கு மட்டும் டீ வாங்கிக் கொடுத்தாள். திட்டியிருந்தால் குடித்திருப்பேன். அப்படியே கீழே ஊற்றிவிட்டேன்.

அடுத்த இரண்டு வாரம் முதலுதவி அறைப் பக்கம் போகவில்லை. ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண், ஃபோனில் தவறுதலாக அழிந்த கல்யாணப் படங்களை ஸ்டூடியோவில் மீட்டுக் கொடுத்ததாகச் சொன்னாள். அன்று சாப்பாட்டு நேரம் முழுவதும் முதலுதவி அறை வாசலில் நின்றேன். கடைசியில் உள்ளே போய், “அந்தக் கார்டு இருக்குதா சிஸ்டர்?” என்று கேட்டேன்.

“இருக்குது. ஆனா அன்னைக்கு ஊட்டுக்குப் போனதும் ஆத்திரத்துல வெறும் சுவத்தப் பாத்து அதுலயே அமுக்கிக்கினே இருந்தேன். அப்புறம் எடுத்து வெச்சிட்டேன்.” மருந்து அலமாரியைத் திறந்து, பஞ்சில் சுற்றிய அந்தச் சின்னக் கார்டை வெளியே எடுத்தாள். என் கையில் வைப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் யோசித்தாள். “அழிச்சது பயம்னு சொல்லி உங்கள விட்டுடலாம்க்கா. ஆனா அமுக்குன வெரலு உங்களுது. மறுபடியும் உங்க கையிலயேதான் குடுக்கறேன்.”

திருவள்ளூர் ஸ்டேஷன் அருகே ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன். மூன்று நாள் கழித்து வரச் சொன்னார்கள். அந்த மூன்று நாளும் வரிசையில் வந்த பாகங்களில் எத்தனை பிசிரைக் கவனிக்காமல் விட்டேன் என்று தெரியாது. சூப்பர்வைசர் இரண்டு முறை எச்சரித்தார். மூன்றாம் நாள் ஸ்டூடியோக்காரர் உதட்டைப் பிதுக்கினார். அழித்தது உடனே போய்விடாதாம், அதன்மேல் புதிதாக எடுத்தால்தான் போகுமாம். சிஸ்டர் சுவரை எடுத்த படங்கள் பழையவற்றின் மேல் உட்கார்ந்துவிட்டன. தப்பியது ஒன்றே ஒன்று, அதுவும் பாதி. மேகத்தின் கிழிசலும் வானமும் கழிகளின் தலைகளும் அப்படியே இருந்தன. அதற்குக் கீழே, சேறு செம்பாக மின்ன வேண்டிய இடத்தில், நேர்கோட்டில் வெட்டியதுபோல் வெறும் சாம்பல் நிறம்.

அதைப் பெரிதாகப் போட்டுக்கொண்டு போய்ச் சிஸ்டரிடம் காட்டினேன். வெகு நேரம் பார்த்தாள். “நல்லாத்தான் வந்திருந்துது” என்றாள், யாரோ இறந்துபோனவரைப் பற்றிச் சொல்வதுபோல். இதை எனக்கு விலைக்குக் கொடு என்றேன். “கெட்டுப்போன படத்த எப்பிடிக்கா விக்கிறது? அந்த ஏரிப் படத்த எடுத்துக்கினு போங்க, சும்மாவே தர்றேன்.” நான் மாட்டேன் என்றேன். எனக்கு இதுதான் வேண்டும், முழுப் படத்துக்கு என்ன விலையோ அதுதான் தருவேன். அன்று நாங்கள் இரண்டு பேரும் கொஞ்சம் அழுதோம். அவள் படத்தின் பின்பக்கம் தன் பெயரை எழுதிக் கொடுத்தாள். அவள் பெயரை நான் தெரிந்துகொண்டது அப்போதுதான்.

மறு வருடம் சிஸ்டர் வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றுக்கு வேலைக்குப் போய்விட்டாள். கிறிஸ்துமஸுக்கு ஃபோன் செய்வாள், அங்கே பனியைப் படம் எடுப்பதாகச் சொல்வாள். எங்கள் வீட்டுக் கூடத்தில் இப்போது ஒன்பது படங்கள் இருக்கின்றன. எல்லாம் இந்தப் பக்கத்து நிலம்: பூண்டி நீர்த்தேக்கம், அறுத்த வயல், மழையில் நனையும் தண்டவாளம். பெரிய பெயர் பெற்றவர்கள் எடுத்தவை அல்ல. நேரில் பார்த்து, எடுத்தவரிடமே கேட்டு வாங்கியவை. கடலோரத்தில் நாங்கள் நின்ற இடத்துக்கு இப்போது போக முடியாது. மதில் தண்ணீர்வரை நீண்டுவிட்டது.

முதல் படத்தை மாட்டிய நாளைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அதைச் சட்டம் போட்டு வாங்கி வந்த மாலை, என் கணவர் கையில் சுத்தியலோடு நாற்காலி மேல் ஏறி நின்றார். படத்தை வாங்கிப் பார்த்தவர், “இன்னாமே இது, கீழ சாம்பல் பூசினாப்ல கீது? இதுக்கா டப்பு குடுத்த?” என்றார்.

பிரிண்டில் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. “நான்தான் அழிச்சேன்” என்றேன். ஓவர்டைம் என்று சொன்ன பொய்யிலிருந்து தொடங்கினேன். மதில், காவல்காரர், அட்டை, ‘வாணாம்’ என்று சிஸ்டர் சொன்னது, நான் அமுக்கியது என்று ஒன்று விடாமல் சொன்னேன். மகள் புத்தகத்தை மூடிவிட்டு என்னையே பார்த்தாள். அவள் முன்னால் சொல்லத்தான் எனக்கு மிகவும் கூசியது.

அவர் நாற்காலியிலிருந்து இறங்கவில்லை. “அழிக்கலன்னா வேல போயிருக்குமா?” என்று கேட்டார்.

“தெரியல. போயிருக்கும்னு நெனச்சேன்.”

அவருக்குக் கோபம் வரப்போகிறது என்று காத்திருந்தேன். படத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, வெளிச்சம் படும்படி பிடித்துக்கொண்டு, சாம்பலை விட்டுவிட்டு மேல்பாதியை நெடுநேரம் பார்த்தார்.

“மழ பெஞ்ச மறுநாளா இது?” என்றார்.

ஆமாம் என்றேன். ஆணியைச் சுவரில் வைத்து அடிக்கத் தொடங்கினார்.