கிப்ளிங்கில் நான் அடுக்கிய கதிரைகள்

சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. ஸ்காபரோவில் மோர்னிங்சைட் தெருவும் எல்ஸ்மியர் தெருவும் சந்திக்கும் பஸ் தரிப்பில் நானும் மனைவி வசந்தியும் நின்றோம். குளிர் பூச்சியத்துக்குக் கீழே பதினொரு பாகை. வசந்தியின் குளிர்க்கோட்டுக்குள்ளே கண்ணாடிச் சில்லுகள் பதித்த ஊதாச் சட்டை ஒன்று இருந்தது. அவள் மூச்சு விடும்போதெல்லாம் அது கிலுகிலுத்தது. எங்கள் காரின் பற்றரி அன்று காலைதான் உயிரை விட்டிருந்தது. சங்க காலப் பாணர்கள் யாழைத் தோளில் போட்டுக்கொண்டு பாலை நிலத்தைக் கடந்தார்கள் என்று படித்திருக்கிறேன். அடுத்த பஸ் எப்போது வரும் என்று அவர்கள் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. கொடுத்துவைத்தவர்கள்.

நாங்கள் போக வேண்டியது எற்றோபிக்கோவுக்கு. நகரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு, முப்பத்தைந்து கிலோமீற்றருக்குக் குறையாது. கட்டணம் ஆளுக்கு மூன்று டொலர் முப்பது சதம். அங்கே ஒரு தேவாலயத்தின் பேஸ்மென்ற் மண்டபத்தில் இந்தோனேசியர்கள் டங்டுட் கச்சேரி வைக்கிறார்கள். அதில் வசந்தி ஒரு பாட்டுப் பாடப்போகிறாள்.

மூன்று வருடங்களுக்கு முன் டங்டுட் என்றால் என்ன என்று கேட்டிருந்தால், வயிற்றுக் கோளாறு என்று சொல்லியிருப்பேன். மேளம் எழுப்பும் ஓசைதான் பெயர்: டங், டுட். பழைய ஹிந்திப் படப்பாட்டும் மலாய்ப் பாட்டும் அரபு இழுவையும் ஒரே இருக்கையில் நெருக்கியடித்து உட்கார்ந்தால் எப்படியிருக்கும், அப்படியொரு இசை. வசந்தி வேலை செய்யும் கண் வைத்தியரிடம் பக்கத்து மேசையில் இருப்பவள் ரத்னா, சுரபாயாக்காரி. ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது ரத்னா தன் போனில் ஒரு வீடியோ காட்டினாள். அன்றிரவே இந்தோனேசியா எங்கள் வீட்டுக்குக் குடிவந்துவிட்டது.

நானும் பார்த்தேன், கேலி செய்வதற்காகத்தான். கிராமத்து மேடைகளில் விடியும்வரை பாடும் பெண்கள். மூன்று மாடி உயரத்துக்கு ஒலிபெருக்கி அடுக்கிய லொறிகள். அவை தெருவால் போனால் வீட்டு ஓடுகள் கழன்று விழுகின்றன, வீட்டுக்காரர் அதையும் படம்பிடித்துப் போடுகிறார். கால்கள் கட்டப்பட்டிருப்பதால் துள்ளித் துள்ளி வரும் பிரேதப் பேய்கள். ஓடும் படகின் முனையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, உலகக் கவலை எதுவுமின்றிக் கை வீசி ஆடும் ஒரு சின்னவன். ஒரு தொலைக்காட்சி நாடகத்தில் வட்டிக்காரர் ஒருவர் செத்துப்போக, அவருடைய பாடை காற்றில் பறந்து சீமெந்து கலக்கும் இயந்திரத்துக்குள் விழுந்தது. பாவத்தின் சம்பளமாம். சிரிக்க உட்கார்ந்தவன் அதன் இரண்டாம் பாகத்தையும் தேடி எடுத்துப் பார்த்தேன்.

ஆனால் வசந்தி பார்த்ததோடு நிற்கவில்லை, பாடப் பழகினாள். காருக்குள், கண்ணாடியை ஏற்றிவிட்டு. அதற்கும் ஒரு காரணம் இருந்தது. எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவில் ஒரு பாட்டுப் பாட அவள் இடம் கேட்டபோது, செயலாளர் மகேசன் அண்ணை கேட்ட முதல் கேள்வி, "தங்கச்சி ஆரிட்டப் படிச்சனீங்கள்?" ஒருவரிடமும் இல்லை என்றதும் அவளைத் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு, பின்வரிசையில், ஏழாவது ஆளாக நிறுத்தினார். மைக் நாலாவது ஆளோடு முடிந்துவிட்டது.

பஸ்ஸில் முன்னிருக்கையில் இருந்தவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். நம்மவர்தான்.

"எங்க அண்ணை, சாமத்திய வீட்டுக்கோ?" ஏதோ பிள்ளையின் பூப்பு விழாவுக்குப் போகிறோம் என்று நினைத்துவிட்டார்.

"இல்லை, ஒரு பாட்டுக் கச்சேரிக்கு."

"ஆர் பாடினம்?"

"இவதான்."

அவர் வசந்தியை ஒருதரம் மதிப்பிட்டார். "ஆரிட்டப் படிச்சவ?"

"போனில," என்றாள் வசந்தி, யன்னலைப் பார்த்தபடி.

"ஓ, சூம் வகுப்பு," என்று தலையாட்டிவிட்டு அவர் நிம்மதியாகத் திரும்பிக்கொண்டார்.

நான்கு மணிக்குக் கென்னடி நிலையத்தில் சப்வே ஏறினோம். எற்றோபிக்கோவில் இருக்கும் கடைசி நிலையமான கிப்ளிங்வரை முப்பத்தொரு நிலையங்கள். இந்த ரயில்பாதையை முழுசாக அளந்தவர்கள் சாரதிகளும் நித்திரையானவர்களும்தான். வசந்தி உதட்டை அசைத்துக்கொண்டே வந்தாள். விக்ரோறியா பார்க் நிலையத்தில் என் கையைப் பிடித்தாள்.

"இஞ்சேருங்கோ, ரெண்டாம் சரணம் மறந்துபோச்சு."

"மறந்தா என்ன? எனக்கு விளங்கவா போகுது?"

"அங்க இருக்கிறவைக்கு விளங்கும். சனத்துக்குப் பிடிக்காட்டி கீபோட் அடிக்கிறவர் பாதியில நிப்பாட்டிப்போட்டு அடுத்த பாட்டுக்குப் போயிடுவாராம். எல்லாம் லைவ் வேற. ரத்னாவின்ர தாய், தமையன், ஊர்ச்சனம் முழுக்கப் பாக்குமாம்."

"அங்க இப்ப விடியப்புறமெல்லே?"

"நான் பாடேக்க ஞாயிறு காலமை ஏழு மணி." பிறகு மெல்லச் சொன்னாள்: "எனக்குப் பரிசொண்டும் வேண்டாமப்பா. ஒரு பாட்டை முழுசாப் பாடி முடிக்கவேணும். அவ்வளவுதான்."

நான் பகிடி ஒன்று தயாராக வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டு, அவளுடைய போனில் இரண்டாம் சரணத்தைத் தேடிக் கொடுத்தேன்.

ஐந்தரைக்கு மண்டபம். மேடைக்குப் பின்னால் பளபளக்கும் சேலைத்துணி. ஓரத்தில் கீபோட், மேளம், போன் பொருத்திய முக்காலி. மறுபுறம் சாப்பாடு. பொரித்த சோறு பன்னிரண்டு டொலர். கச்சான் கடலைக் குழம்போடு பத்துக் குச்சி இறைச்சி பதினைந்து. ஒரு கிண்ணத்தை இதென்ன என்று கேட்டேன். "சம்பல்," என்றார் பரிமாறியவர். இவ்வளவு தூரம் வந்து ஒரு சொந்தக்காரனைக் கண்டது போலிருந்தது. அரைக் கரண்டி சாப்பிட்டேன். சொந்தக்காரன் என்பதை உறுதிப்படுத்தும் விதமாகக் கண்ணீர் வரவழைத்தான்.

ரத்னா வசந்தியை அலங்காரத்துக்காக உள்ளே கூட்டிப்போனாள். எல்லாரும் சாப்பாட்டு வரிசையில் நின்றார்கள். அப்போதுதான் கவனித்தேன்: மேடைக்கு முன்னால் பெரிய வெற்றிடம். கதிரைகள் எல்லாம் சுவரோரம் மடித்துச் சாத்தியிருந்தன.

முப்பது வருட ஸ்காபரோ வாழ்க்கையில் எனக்கு ஐயந்திரிபறக் கைவந்த கலை ஒன்றே ஒன்றுதான். அரங்கேற்றம், புத்தக வெளியீடு, செத்தவீட்டு அந்தியேட்டி என்று எதற்குப் போனாலும் கதிரை அடுக்கியிருக்கிறேன். பாவம், இவர்களுக்கு ஆள் பற்றாக்குறை என்று நினைத்தேன். கோட்டைக் கழற்றினேன். பத்துப் பத்தாக ஆறு வரிசை. நடுவில் நடைபாதை. முன்வரிசைக்கும் மேடைக்கும் இடையில் சரியாக ஒன்றரை அடி, பிரதம விருந்தினரின் முழங்கால் இடிக்காதபடி. வயதான தம்பதியினர் இருவர் என்னை வியப்போடு பார்த்தார்கள், பிறகு புன்னகைத்தார்கள், பிறகு, மறுக்கத் தெரியாத நல்ல மனிதர்கள், தாங்களும் கதிரை தூக்கித் தந்தார்கள்.

ஆறரைக்குக் கச்சேரி தொடங்கியது. வந்தவர்கள் கதிரைகளைக் கண்டு தயங்கி நின்று, பிறகு ஒழுங்காக உட்கார்ந்தார்கள். முதலில் ஒரு இளைஞர் பாடினார். எல்லாருடைய பாதங்களும் தாளம் போட்டன, ஆனால் ஒருவரும் அசையவில்லை. கீபோட்காரர் பாதியிலேயே முடித்துவைத்தார். அடுத்த பெண்ணுக்கும் அதே கதி. மிகவும் கண்டிப்பான ரசிகர்கள் என்று நினைத்துக்கொண்டு நானும் கைகட்டி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஏழு மணிக்கு வசந்தி வந்தாள். ஊதாச் சட்டை விளக்கில் தீப்பிடித்ததுபோல் மின்னியது. முதல் சரணத்தை நன்றாகத்தான் தொடங்கினாள். பிறகு முன்னால் வரிசை வரிசையாக இருந்த முகங்களைப் பார்த்தாள். குரல் ஒரு சுற்றுக் குறைந்தது.

ரத்னா என் அருகில் குனிந்தாள். போனில் கருத்துகள் கொட்டிக்கொண்டிருந்தன. ஒன்றை மொழிபெயர்த்தாள்: "இது கச்சேரியா, பரீட்சை மண்டபமா?" இன்னொன்று: "யார் செத்தது?"

"ஏன் அப்படிச் சொல்கிறார்கள்?" என்று கேட்டேன்.

டங்டுட் உட்கார்ந்து கேட்கும் பாட்டல்ல, என்றாள் ரத்னா. மேடைக்கு முன்னால் நின்று ஆடுவதுதான் கைதட்டல். அந்த இடம் நிரம்பாவிட்டால் பாட்டு எடுபடவில்லை என்று அர்த்தம். "இந்தக் கதிரைகளை யார் போட்டார்களோ தெரியவில்லை. தேவாலயத்து ஆட்களாக இருக்கும், அதுதான் எடுக்கச் சொல்ல எல்லாருக்கும் கூச்சம்."

"யாராயிருக்கும்?" என்றேன் நானும். என் வீரம் அந்த அளவுதான்.

வீடியோக்களில் நூறு தரம் பார்த்திருக்கிறேன். கதிரை பத்தாததால் நிற்கிறார்கள், கால் உளைவதால் ஆட்டுகிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

வசந்தி இரண்டாம் சரணத்துக்கு வந்தாள். கீபோட்காரரின் கை அடுத்த பாட்டின் பொத்தான் பக்கம் நகர்ந்தது. வசந்தி அதைப் பார்த்தாள். பின்வரிசையில் ஏழாவது ஆளாக நின்ற அதே முகம்.

எழும்பினேன். முப்பது வருடங்களில் நூற்றுக்கணக்கான கலியாணங்களில் ஆட அழைத்தவர்களுக்கு முதுகு நோ என்று சொன்னவன். ஆடும் எண்ணம் இப்போதும் இருக்கவில்லை. கதிரையை மடித்து ஓரம்கட்டுவோம் என்றுதான் நினைத்தேன். பாழாய்ப்போன கதிரை மடங்கவில்லை. இடப்பக்கம் இழுத்தேன்: டங். வலப்பக்கம் தள்ளினேன்: டுட். தலைக்கு மேலே தூக்கிக் குலுக்கினேன். இடுப்பு தானாகவே ஒரு பக்கம் போனது, நீண்ட காலமாகச் சந்தர்ப்பம் பார்த்துக்கொண்டிருந்தது போல.

பின்னால் ஒரு ஆரவாரம். திரும்பினால், அந்த வயதான தம்பதியினர் ஆளுக்கொரு கதிரையைத் தலைக்கு மேல் பிடித்து ஆடிக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒரு வரிசை. பிறகு மண்டபம். அறுபது கதிரைகளும் ஆடி ஆடியே சுவரோரம் போய்ச் சேர்ந்தன. கீபோட்காரர் கையைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்.

வசந்தி சிரித்தாள். அதன்பின் வந்த குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கார்க் கண்ணாடி ஏற்றியே இருந்ததல்லவா. பாட்டை முழுசாகப் பாடினாள். கடைசி அடியை மூன்று தரம் பாடவைத்தார்கள். போனில் ஊர்ச்சனம் "ஓம், ஓம்" என்று எழுதித் தள்ளியது. எங்களுக்கு அது 'ஆம்', அங்கே மாமாவுக்கு அதுதான் சொல்லாம். என்னோடு இத்தனை பேர் ஒத்துப்போனதாகத் தோன்றியது வாழ்க்கையில் அதுவே முதல்தரம்.

எட்டரைக்குத் திரும்பும் ரயில் ஏறினோம். டண்டாஸ் வெஸ்ற் நிலையம் வருவதற்குள் ஒருவர் கதிரை ஆட்டத்தை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டிருந்தார். புளோர்-யங்கில், யாரோ தங்கள் சமையலறையில் அதே மாதிரிக் கதிரை தூக்கி ஆடிப் பதில் போட்டிருந்தார். பேப் நிலையத்தில் வசந்தியின் போன் அடித்தது. மகேசன் அண்ணை. அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"தங்கச்சி, வீடியோ பாத்தனான். மூண்டு பேர் அனுப்பிப்போட்டினம். எங்கட சித்திரை விழாவுக்கு நீங்கள் அவசியம் பாடவேணும், யூனியன்வில் மண்டபம். நிகழ்ச்சி நிரலில போடுறதுக்கு, ஆரிட்டப் படிச்சது எண்டு—"

"அண்ணை, பாடுறன். ஒரு கண்டிசன். மேடைக்கு முன்னுக்குக் கதிரை போடக்கூடாது."

மறுமுனையிலிருந்து பதில் வருவதற்குள் ரயில் மூன்று நிலையங்களைக் கடந்தது.

"கதிரை இல்லாமல்... அப்ப பிரதம விருந்தினர் எங்க அம்மா இருக்கிறது?"

வசந்தி போனை என் பக்கம் நீட்டினாள். இந்தத் துறையில் நான்தானே படித்தவன்.

"இருக்கிறதோ?" என்றேன். "ஆடச் சொல்லுங்கோ அண்ணை."