ஹான்போக் உடுத்தியவருக்குச் சீட்டு வேண்டாம்

கொரியாவின் சுவோன் நகரத்து அரண்மனையைப் பார்த்தால் யாங்னிமுக்கு வயிறு எரியும். ஊருக்கே அது பெருமை. பள்ளிப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து காட்டுவார்கள், வெளியூர் உறவு வந்தால் முதலில் அங்கேதான் அழைத்துப் போவார்கள். ராஜா தங்கிய பழைய அரண்மனையை இடித்துத்தான் ஒரு காலத்தில் அங்கே ஆஸ்பத்திரி வந்தது. பிறகு ஆஸ்பத்திரியை இடித்துவிட்டு, பழைய படங்களைப் பார்த்துப் பார்த்து அரண்மனையை மறுபடி எழுப்பினார்கள். இடிப்பதும் கட்டுவதும் பெரிய மனிதர்கள் பாடு. ஆனால் இடையில் அந்த ஆஸ்பத்திரியில்தான் யாங்னிமின் இரண்டாவது மகள் பிறந்தாள். அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

அப்போது யாங்னிமுக்கு இருபத்திரண்டு வயது. புருஷன் சவூதியில் சாலை போடும் வேலையில் இருந்தான். வீட்டில் மாமியார் வைத்ததுதான் சட்டம். நிலாக் கணக்கில் பத்தாம் மாதத்துப் பௌர்ணமி இரவு வலி கண்டது. பிறந்தது பெண் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது, ஒரு அழுகைச் சத்தமும் கேட்டது, அதோடு உதிரப்போக்கில் நினைவு தப்பிவிட்டது. கண் விழித்தபோது மாமியார் கட்டிலருகே உட்கார்ந்து பேரிக்காய் தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

"தங்கல. அழுதா பால் கட்டிக்கும், அழாதே" என்றாள் கிழவி.

இருபது வருஷம் யாங்னிம் அதை நம்பினாள். அந்தப் பிரசவத்தோடு கர்ப்பப்பை போயிற்று, பிறகு புருஷனும் போனான். மாட்டு விலா எலும்பு சுடும் கடையில் கரிபிடித்த கம்பித் தட்டுகளைத் தேய்த்து மூத்தவளை வளர்த்தாள். மாமியார் படுக்கையில் விழுந்த பிறகு அவளுக்குக் கஞ்சி ஊட்டியதும், துடைத்துவிட்டதும் யாங்னிம்தான். சாவதற்கு முந்தின வாரம் அந்தப் புண்ணியவதி வாயைத் திறந்தாள்.

"அந்தச் சின்னது சாகலடி. ரெண்டாவதும் பொட்டையாப் போச்சேன்னு தத்து குடுக்கிறவங்க கையில குடுத்துட்டேன். ஏரோப்ளேன்ல போயிருச்சு. நல்லாத்தான் இருக்கும்."

நல்லாத்தான் இருக்குமாம். யாங்னிம் கையிலிருந்த கஞ்சிக் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. மிச்சக் கஞ்சியையும் ஊட்டி முடித்தாள், வாயைத் துடைத்துவிட்டாள், பிறகு கொல்லைப்புறம் போய்க் கிம்ச்சி ஊறுகாய் ஜாடியின் மூடியை எடுத்துத் தரையில் அடித்து உடைத்தாள். இவ்வளவுதான் அவளால் செய்ய முடிந்தது. சாகிற கிழவியை என்ன செய்துவிட முடியும்?

மறுநாள் ஆஸ்பத்திரியைத் தேடி ஓடினாள். ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் தச்சர்கள் தூண் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். தத்து கொடுக்கும் அலுவலகங்களில் ஏறி இறங்கினாள். பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டார்கள். பெயர் வைக்க யார் விட்டார்கள்? போலீஸ் நிலையத்தில் மரபணுச் சோதனைக்கு எச்சில் எடுத்துக்கொண்டார்கள். எங்கேயாவது பொருந்தினால் கூப்பிடுகிறோம் என்றார்கள், இன்றுவரை கூப்பிடவில்லை.

ஒன்று மட்டும் அவளுக்குப் புரிந்தது. பிள்ளைக்கு அம்மா யார் என்று தெரியாமல் இருக்கலாம், எந்த ஆஸ்பத்திரியில் பிறந்தோம் என்பதை யாராவது சொல்லியிருப்பார்கள். என்றாவது தேடிக்கொண்டு வந்தால் அந்த இடத்துக்குத்தான் வரும். பிறந்த நாளன்று வரும். அரண்மனை திறந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு வருஷமும், கடைச் சமையற்கட்டு நாள்காட்டியில் பெரிய எண்களுக்கு அடியில் பொடியாக அச்சிட்ட நிலாத் தேதியைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, பத்தாம் மாதத்துப் பௌர்ணமியன்று கடல்பாசி சூப் வைத்து, குடுவையில் ஊற்றிக்கொண்டு அரண்மனைக்குப் போனாள். பிறந்த நாளில் பிள்ளை கடல்பாசி சூப் குடிக்க வேண்டும். பெற்றவளும்தான் குடிக்க வேண்டும். யாங்னிமுக்குப் பிள்ளை பெற்ற அன்றைக்கு அதைக் கொடுக்கக்கூட ஆள் இல்லை.

கல்யாணத்துக்குத் தைத்த பச்சை ஹான்போக்கைத்தான், அந்தக் காலத்துச் சட்டையும் அகலப் பாவாடையுமான உடையைத்தான், உடுத்திக்கொண்டு போவாள். ஹான்போக் உடுத்தியவருக்கு அரண்மனையில் சீட்டு வேண்டாம். சீட்டுக் கூண்டுப் பக்கம் திரும்பாமல் நேரே உள்ளே போகலாம். அது போக, மகள் வந்தால் அம்மா கரிக்கறை படிந்த ஏப்ரனோடு நிற்கக் கூடாது என்றும் ஒரு ஆசை.

"இன்னுமா அங்க போயிட்டிருக்கே?" என்று பூசானிலிருந்து மூத்தவள் போனில் கத்துவாள். "அது வேற நாட்டுக்காரியாயிருச்சும்மா. உன்ன நெனைக்குமா? இருக்கிற மகளோட பொறந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கா?"

மூத்தவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. யாங்னிம் போனை வைத்துவிடுவாள்.

அந்த வருஷம் அவளுக்கு அறுபது நடந்துகொண்டிருந்தது. பத்தாம் மாதத்துப் பௌர்ணமி ஒரு திங்கட்கிழமை வந்தது, கடைக்கும் விடுமுறை. நவம்பர் பதினொன்று. 11-11 என்று நாலு ஒன்றும் குச்சி போல நிற்பதால், ஊரெல்லாம் ஒருவருக்கொருவர் சாக்லேட் குச்சிப் பெட்டி நீட்டிக்கொள்ளும் நாள். முற்றத்துக் காவலர் மேங் கையிலும் ஒரு பெட்டி இருந்தது. அவளைக் கண்டதும் அவர் முகம் சுருங்கியது.

"வந்துட்டீங்களா அக்கா? இப்பவே சொல்லிடறேன். யாரையாவது புடிச்சு நிறுத்தி 'எங்க பொறந்தே, எப்பப் பொறந்தே'ன்னு கேட்டீங்க, இனிமே உங்களை உள்ளயே விட மாட்டோம். மேலதிகாரி உத்தரவு. போன வருஷம் அந்த சியோல் பொண்ணு ஆபீஸ்ல வந்து அழுதுட்டுப் போச்சு."

"கேக்கலப்பா. சும்மா உக்காந்துட்டுப் போறேன்."

"சும்மா உக்கார்ற மூஞ்சியா இது? சத்தியம் பண்ணுங்க."

"சத்தியமா வாயத் தொறக்க மாட்டேன். போதுமா?"

அவருக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. பெட்டியிலிருந்து ஒரு குச்சியை உருவி நீட்டினார். "இந்தாங்க, கடிச்சுக்கிட்டு இருங்க. வாய் சும்மா இருக்கும்."

விருந்து மண்டபத்து முற்றம் இருக்கும் இடத்தில்தான் அன்றைக்குப் பிரசவ வார்டு இருந்தது. யாங்னிம் முற்றத்துக் கிழக்குச் சுவரை வைத்துக் குத்துமதிப்பாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். இப்போது மண்டபத்துக்குள் ஒரு பொம்மை ராஜா, தன் அம்மாவின் அறுபது நிறைந்த விருந்தில் அவள் முன்னால் மண்டியிட்டுக் கொண்டிருந்தார். எதிரே தட்டுத் தட்டாக மெழுகுப் பலகாரம். பொம்மை அம்மாவுக்கு முகத்தில் அப்படி ஒரு நிறைவு. யாங்னிம் அந்த அம்மாவுக்கு முதுகைக் காட்டிப் படிக்கட்டில் உட்கார்ந்தாள்.

நேரம் போயிற்று. முப்பத்தைந்து நாற்பது வயதுப் பெண்கள் நிறையப் பேர் வந்தார்கள். ஒவ்வொருத்தியாக அவளைக் கடந்தபோது முகத்தை உற்றுப் பார்த்தாள். தன் மூக்கு எந்த முகத்தில் இருக்கிறது, தன் காது மடல் யாருக்கு இருக்கிறது என்று பார்த்தாள். எல்லா முகத்திலும் இருப்பது போலத்தான் இருந்தது. இதுதான் பெரிய வேதனை. இன்னும் எத்தனை வருஷம் இந்தப் படி ஏற முடியும் என்று முழங்காலைத் தடவிக்கொண்டாள். தான் செத்துப்போன பிறகு அவள் வந்தால்?

"எக்ஸ்க்யூஸ் மீ... போட்டோ?"

நிமிர்ந்தாள். சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒருத்தி, அவள் கையைப் பிடித்தபடி ஐந்து வயதுச் சிறுமி. முகம் இந்த ஊர் முகம், நிற்பதும் கையை ஆட்டுவதும் இந்த ஊர் இல்லை. பச்சை ஹான்போக்கைப் பார்த்து, இவளை அரண்மனை வேலைக்காரி என்று எண்ணிக்கொண்டாள் என்பது தெரிந்தது. வெளியூர்க்காரர்கள் பலர் அப்படித்தான் எண்ணுவார்கள். யாங்னிம் எத்தனையோ பேருக்குப் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

யாங்னிம் அந்தப் பெண்ணின் போனை வாங்கிக்கொண்டாள். அந்தப் பெண் மண்டபத்துக்கு முன்னால் நிற்கவில்லை. கிழக்குச் சுவரோரம், ஒன்றுமே இல்லாத இடத்தில் போய் மகளை முன்னால் நிறுத்திக்கொண்டு நின்றாள். சிரிக்கவும் இல்லை. யாங்னிம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்ததில் முதல் படம் கலங்கிவிட்டது. இன்னொன்று எடுத்தாள்.

சிறுமி ஓடி வந்து குடுவையை எட்டிப் பார்த்தாள். குளிரில் அவள் மூக்கு சிவந்திருந்தது. யாங்னிம் மூடியில் கொஞ்சம் சூப் ஊற்றிக் கொடுத்தாள். சிறுமி ஒரு வாய் உறிஞ்சி, முகத்தைக் கோணி, "ஙே!" என்று நாக்கை நீட்டினாள். அம்மாக்காரி பதறிப்போய் என்னவோ சொல்லி மன்னிப்புக் கேட்டு, மூடியை வாங்கி, மிச்சத்தை வீணாக்காமல் தானே குடித்தாள். கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

கேள். கேளடி, என்றது மனசு. முற்றத்துக் கோடியில் மேங் இருமினார். அவர் இவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். இவளும் இல்லை என்றால்? இவளும் அழுதுகொண்டு ஆபீசுக்குப் போனால்? அடுத்த வருஷம் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். உள்ளே உண்மையான மகள் தேடிக்கொண்டிருப்பாள். யாங்னிம் பல்லைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பெண் பையிலிருந்து சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு சாக்லேட் குச்சிப் பெட்டியை எடுத்து அவள் கையில் வைத்து, இடுப்பை வளைக்கத் தெரியாமல் கழுத்தை மட்டும் வளைத்து வணங்கிவிட்டுப் போனாள். யாங்னிம் வாய் திறக்கவில்லை. சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டாள்.

வெயில் சுவரேறியதும் எழுந்தாள். இந்த வருஷமும் இல்லை. வெளிவாசலில் கால் இடற, சீட்டுக் கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கூண்டருகே அவள் நின்றது அதுதான் முதல் தடவை. உள்ளே ஹேவோன் என்ற சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

"பாத்துப் பெரியம்மா! அட, உங்களுக்கும் குடுத்தாங்களா?" என்றாள், கையிலிருந்த பெட்டியைப் பார்த்து. அதே சிவப்பு ரிப்பன் கட்டிய பெட்டி ஒன்று அவள் மேசை மேலும் இருந்தது.

"யாரு?"

"டென்மார்க் அக்கா. பாவம், மூணு வருஷமா வர்றாங்க. இங்க முன்னாடி ஆஸ்பத்திரி இருந்துச்சாமே, பிரசவ வார்டு எந்தப் பக்கம்னு போன்ல எழுதிக் காட்டிக் கேப்பாங்க. எனக்கென்ன தெரியும்? கெழக்குச் செவுருன்னு ஒரு பெரியவர் சொன்னாரு, அதையே சொன்னேன். சரியா இந்தக் குச்சி நாளைக்குத்தான் வருவாங்க, அதான் மறக்கல. பொறந்த நாளாம்."

யாங்னிம் கூண்டுக்குள் தலையை நீட்டினாள். "இந்த நாளா? ஒவ்வொரு வருஷமும் இதே தேதியா?"

"ஆமா, பதினொண்ணு. ஏன் பெரியம்மா?"

போன வருஷம் பத்தாம் மாதத்துப் பௌர்ணமி நவம்பர் இருபத்திரண்டாம் தேதி. அதற்கு முந்தின வருஷம் டிசம்பரே பிறந்துவிட்டது. பிள்ளையை ஏரோப்ளேனில் ஏற்றியவர்கள் அங்கே நிலாவையா பார்ப்பார்கள்? பிறந்த அன்றைக்கு நாள்காட்டியில் இருந்த பெரிய எண்ணைத்தான், நவம்பர் பதினொன்று என்று எழுதியிருப்பார்கள். அவள் பெரிய எண்ணில் வந்து தேடிவிட்டுப் போயிருக்கிறாள். இவள் பொடி எண்ணில் வந்து காத்துவிட்டுப் போயிருக்கிறாள். இந்த ஒரு வருஷம் இரண்டும் ஒன்றாக விழுந்தது. ஒன்றாக விழுந்த நாளில், கையில் போனை வாங்கி, படம் எடுத்து, சூப்பும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு அனுப்பிவைத்தாளே!

"எப்பப் போனாங்க? எந்தப் பக்கம்?"

"இப்பத்தான். அந்தச் சின்னது பட்டம் பாக்கணும்னு அழுதுச்சு, மைதானத்துப் பக்கம்... பெரியம்மா! செருப்பு!"

யாங்னிம் ஓடினாள். பாவாடையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். அரண்மனைக்கு முன்னால் அந்த மைதானம் எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வானம் நிறையப் பட்டம், தரை நிறைய ஜனம், சாம்பல் நிறக் கோட்டு எங்கே பார்த்தாலும். குடுவை எங்கோ விழுந்து உருண்டது. கூப்பிட வேண்டும். என்னவென்று கூப்பிடுவாள்? பெற்ற பிள்ளைக்கு ஒரு பெயர் இல்லையே. மாமியாரே, ஒரு பெயராவது வைக்க விட்டிருக்கக் கூடாதா?

"பாப்பா!" என்று கத்தினாள். பிறந்த அன்றைக்கு அழுகைச் சத்தம் கேட்டதே ஒரு கணம், அந்தப் பிள்ளையைக் கூப்பிட அவளிடம் இருந்த ஒரே சொல் அதுதான். "பாப்பா! அம்மா இங்க இருக்கேன்டி, பாப்பா!"

மைதானத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் திரும்பினார்கள். பிள்ளை வைத்திருந்தவர்கள் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு திரும்பினார்கள், இல்லாதவர்களும் திரும்பினார்கள். யாரோ ஒரு தாய் பிள்ளையைத் தொலைத்துவிட்டாள் என்று எல்லாருக்கும் புரிந்தது.

பஸ் நிறுத்தத்தை நோக்கி, சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு போன ஒருத்தி மட்டும் திரும்பவில்லை. டென்மார்க்கில் வளர்ந்தவளுக்கு அந்தச் சொல் தெரியாது.

யாங்னிம் அவளைப் பார்த்துவிட்டாள். அந்த முதுகை நோக்கி ஓடினாள்.