ரத்தம் எடுக்கும்வரை

என் அக்கா வீட்டுக்காரர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். மார்ச் மாதம் வந்துவிட்டால் அவருக்குச் சொந்தபந்தம் எல்லாமே பாலிஸியாகத்தான் தெரியும். 2007 மார்ச்சில் அவர் கண்ணில் பட்டவர் என் கணவர். மாமாவை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, பாலிஸி வேண்டுமென்று கேட்டதே நான்தான். கணவருக்குக் கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. மகள் மூன்றாம் வகுப்பு. இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவளை வைத்துக்கொண்டு நான் எங்கே போய் நிற்பேன் என்ற பயம் எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

கணவருக்குச் சில வருஷங்களாகச் சர்க்கரை நோய். காலையும் இரவும் மாத்திரை. ஆனால் மாமா எங்கள் வீட்டில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பியபோது, நோய் பற்றிய கேள்விகள் எதையும் எங்களிடம் கேட்கவில்லை. இல்லை, இல்லை என்று அவரே எழுதிக்கொண்டு போனார். எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். ஏஜென்ட் எழுதுவார், அவர் விரல் வைத்துக் காட்டும் இடத்தில் நாம் கையெழுத்துப் போடுவோம்.

“மாமா, இவுருக்குத்தான் சுகர் இருக்கே?” என்றேன்.

“சுகர் யாருக்குத்தான் இல்ல? எழுதுனா ப்ரீமியம் ஜாஸ்தியாவும். இல்லன்னா வேணாம்னு திருப்பிடுவாங்க. டெஸ்ட்டுல தெரியாம பாத்துக்கலாம், அது என் பொறுப்பு.”

“நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா தோண்டித் துருவ மாட்டாங்களா?”

“நல்ல காரியம் பேசுறப்ப வாய வைக்காதம்மா.”

கணவர் என்னை முறைத்தார். எங்கள் கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தியவர் மாமா. அவர் பேச்சுக்கு எங்கள் வீட்டில் எதிர்ப்பேச்சு கிடையாது. மாமா விரல் வைத்த இடத்தில் கணவர் கையெழுத்துப் போட்டார்.

மாமாவிடம் எல்லாவற்றுக்கும் கணக்கு இருந்தது. டெஸ்ட்டுக்கு முந்தைய நாட்களில் சோறு கிடையாது. முதல் நாள் இரவு மாத்திரை இரண்டு பங்கு, காலையிலும் இரண்டு பங்கு, வெறும் வயிறு. கடலூர் டாக்டர்களுக்கு இவரைத் தெரியும் என்பதால் டெஸ்ட் சிதம்பரத்தில். பரீட்சைக்குப் பிட்டு தயார் செய்கிற மாதிரி அத்தனையும் யோசித்து வைத்திருந்தார்.

பஸ் ஆலப்பாக்கம் தாண்டும்போதே கணவர் கொட்டாவி விட ஆரம்பித்தார். சிதம்பரத்தில் இறங்கியபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கிளினிக்கில் டாக்டர் இருந்தார், ஆனால் ரத்தம் எடுக்கிற பெண் இன்னும் வந்திருக்கவில்லை. நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம்.

“பாப்பா ஸ்கூலுக்குப் போயிட்டாளா?” என்று கேட்டார் கணவர்.

“ஞாயித்துக்கெழமைங்க” என்றேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதையே கேட்டார். கை நடுங்கியது. என் முகத்தைப் பார்த்தார், ஆனால் நான் யாரென்று யோசிக்கிற பார்வை அது. பையில் இட்லி இருந்தது. டப்பாவைத் திறக்கப் போனேன். மாமா என் கையைத் தடுத்தார்.

“கொஞ்சம் பொறும்மா. அந்தப் பொண்ணு வந்துடும். இப்ப சாப்ட்டா எல்லாம் வீணாப் பூடும்.”

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. இந்த மனுஷன் செத்தால் பணம் வர வேண்டும் என்பதற்காக இந்த மனுஷனையே சாகடித்துக்கொண்டிருக்கிறோம்! யாரையும் கேட்காமல் டாக்டர் அறைக்குள் நுழைந்தேன்.

“டாக்டர், என் வீட்டுக்காரருக்கு சுகர் இருக்கு. டெஸ்ட்டுல தெரியக் கூடாதுன்னு மாத்திரய ரெண்டு பங்கு குடுத்து, பட்டினியா கூட்டியாந்திருக்கோம். வந்து பாருங்க.”

டாக்டர் எழுந்து ஓடி வந்தார். அதற்குள் கணவர் பெஞ்சில் சரிந்திருந்தார். சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது என்று ஊசி வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கண்ணைத் திறந்து அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது.

“இன்னுங் கொஞ்சம் விட்டிருந்தா ஆளு கெடச்சிருக்க மாட்டாரு. யாரு சொல்லிக் குடுத்தது இத?” என்று டாக்டர் சத்தம் போட்டார். சர்க்கரை நோய் உண்டு என்று டாக்டர் ரிப்போர்ட்டில் எழுதிவிட்டார். சில மாதங்கள் கழித்து உண்மையைச் சொல்லி வேறு விண்ணப்பம் போட்டு, கூடுதல் ப்ரீமியத்தில் பாலிஸி வாங்கினோம்.

டெஸ்ட் நடந்த அன்று மாலை பஸ்ஸில் திரும்பும்போது கணவர் ஜன்னலோரம் தூங்கிவிட்டார். மாமா என்னைக் கிழிக்கப் போகிறார் என்று காத்திருந்தேன். புதுச்சத்திரம் தாண்டியதும் அவர் முன் சீட்டிலிருந்து திரும்பி மெதுவாகச் சொன்னார்.

“அக்காகிட்ட சொல்லிடாதம்மா.”

“இன்னைக்கு நடந்ததயா?”

“அதில்ல. எனக்கும் சுகர் இருக்கு. ரொம்ப நாளா. என் பாலிஸி எல்லாத்துலயும் இல்லன்னுதான் எழுதியிருக்கேன். டெஸ்ட்டுக்கு நானும் இப்பிடித்தான் போனேன்.”

மாமாவுக்குப் பிறகும் பிள்ளைகளுக்குக் குறையிருக்காது என்று அந்தப் பாலிஸிகளை நம்பி நிம்மதியாக இருப்பவள் என் அக்கா.

“ஆபீஸ்ல போய் உண்மையச் சொல்லிடுங்க மாமா.”

“சொன்னா ஏஜென்சி போயிடும்.”

“சொல்லலன்னா நாளைக்குப் பணம் வராது, அக்கா தெருவுல நிப்பா.”

கடலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் மாமா, ஒரு வேலை இருக்கிறது என்று வேறு பக்கம் நடந்தார். கணவர் எங்கள் வீட்டுக்குப் போக ஆட்டோவைக் கூப்பிட்டார். நான் டிரைவரிடம் அக்கா வீட்டுத் தெருவைச் சொன்னேன்.