எனக்கு மட்டும் மறைந்த லாஸ்ட் சீன்

காலையில் எழுந்ததும் நான் முதலில் பார்ப்பது வாட்ஸ்அப்பில் என் சிநேகிதியின் லாஸ்ட் சீனை, அவள் கடைசியாக எப்போது வந்தாள் என்பதை. அவள் போனைப் பார்த்திருந்தால் எழுந்துவிட்டாள் என்று அர்த்தம். இல்லையென்றால் போன் போட்டு எழுப்புவேன். இருவருக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணி கம்பெனியில் தையல் வேலை. கம்பெனி வேனில் நான் பாரிவாக்கத்தில் ஏறுவேன், அவள் குமணன்சாவடியில். அதுவரை ஜன்னலோர சீட்டில் என் சாப்பாட்டுப் பையை வைத்து அவளுக்கு இடம் பிடித்திருப்பேன். யார் முறைத்தாலும் எடுக்க மாட்டேன்.

ஒருநாள் அவள் பெயருக்குக் கீழே ஒன்றையும் காணோம். மறுநாளும் இல்லை.

"இன்னாடி, நீ போன் பாக்கறதே தெரியலியே?"

"புது போன்டி. அதுல இன்னாவோ ஆயிப்போச்சு."

நம்பினேன். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள், நம்பாமல் என்ன செய்வது?

அந்தச் சமயத்தில்தான் செக்கிங் பிரிவில் புதிதாக ஒருத்தி சேர்ந்திருந்தாள். அவளும் குமணன்சாவடி. சிரித்தால் அழகாக இருப்பாள், அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. இருவரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வேனில் ஏறுவார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்ததும் சிநேகிதிக்குப் பேச்சு நின்றுவிடும். "தூக்கம் வருதுடி" என்று கண்ணை மூடிக்கொள்வாள்.

ஒரு மதியம் புதியவள் தன் போனை என்னிடம் நீட்டினாள். "இந்த ஜாக்கெட் டிசைன் நல்லா கீதான்னு பாரு யக்கா. உன் ஃபிரெண்டுதான் அனுப்பிச்சிது."

டிசைன் என் கண்ணிலேயே படவில்லை. மேலே என் சிநேகிதியின் பெயர், அதன் கீழே 'ஆன்லைன்'. என் போனில் காணாமல் போனது இவள் போனில் இருந்தது. "நல்லா கீது" என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

அன்று சாயங்காலம் என் போனைத் தம்பியிடம் காட்டினேன். "உனுக்கு மட்டும் மறச்சி வச்சிகீது யக்கா. ஆனா உன்னுதும் அதுக்குத் தெரியாது. செட்டிங்கே அப்பிடித்தான்" என்றான்.

நல்லா வேணும் அவளுக்கு என்று முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. சோற்றைப் பிசையும்போதுதான் உறைத்தது. நான் எழுந்தேனா, தூங்குகிறேனா என்று தெரியாமல் இருப்பதில் அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. எனக்குத்தான் அவளைப் பார்க்காமல் பொழுது விடிவதில்லை.

மறுநாள் பையை மடியில் வைத்துக்கொண்டேன். "யாராச்சும் வராங்களா?" என்று கேட்ட ஒரு பெண்ணிடம், "யாரும் வரல, ஒக்காரு" என்று ஜன்னலோரத்தைக் கொடுத்தேன். 'என் சீட்டு எங்கடி?' என்று சிநேகிதி கேட்பாள். 'உன் லாஸ்ட் சீன் எங்கடி?' என்று திருப்பிக் கேட்கப் பாரிவாக்கத்திலிருந்தே தயாராக இருந்தேன்.

குமணன்சாவடியில் இருவரும் ஏறினார்கள். அவள் அந்தச் சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்பாடா என்று முகம் தெளிந்து, புதியவளோடு பின்சீட்டுக்குப் போய்விட்டாள்.

எஸ்டேட் வரும்வரை பின்னால் பேச்சும் சிரிப்பும் கேட்டுக்கொண்டே இருந்தன. அன்றைக்கு அவளுக்குத் தூக்கமே வரவில்லை.