சோப்புக்குச் சட்டை மாட்டிய மிஷின்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் மடையன். அதிலும் இங்கிலீஷ் தெரிந்த மடையன். வெறும் மடையனால் அவன் வீட்டுக்கு மட்டும்தான் கஷ்டம். இங்கிலீஷும் சேர்ந்துவிட்டால் முப்பத்தாறு வீட்டு அடுப்பை அவனால் ஒரே வாக்கியத்தில் அணைத்துவிட முடியும். நான் அணைத்தேன். அதுவும் சிரித்துக்கொண்டே.

என் இங்கிலீஷைப் பற்றிப் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுங்காலுமாக நடக்கிற இங்கிலீஷ் அது. ஆனால் தாராவியில் நாங்கள் குடியிருந்த சாலில், அந்த வரிசை வீடுகளில், அந்த ஒற்றைச் செருப்புகூட வேறு யாரிடமும் இல்லை. மெட்ரிக் வரை ஏறிவிட்டு, குர்லா பக்கம் ஒரு சோப்புக் கம்பெனியில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள் என்று எழுதுவது என் வேலை. நான் எத்தனை மணிக்கு வந்தேன் என்று எழுத யாரும் இல்லாததால் அந்த வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கம்பெனியின் பின்புறத் தகர ஷெட்டில் முப்பத்தாறு பெண்கள் சோப்புக்குத் தாள் சுற்றினார்கள். சோப்புக்குச் சட்டை போடுவது என்று அவர்கள் சொல்வார்கள். முக்கால்வாசிப் பேர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில், பாதிப் பேர் எங்கள் சாலிலேயே, குடியேறியவர்கள். தினமும் காலையில் கூட்டமாக நடந்தே வருவார்கள். அவர்களுக்கெல்லாம் மூத்தவளாக ஒரு அக்கா இருந்தாள். எங்கள் சாலில் எனக்கு நாலு கதவு தள்ளிக் குடியிருந்தவள். மற்ற முப்பத்தைந்து பேருக்கும் மடிப்புச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். அவள் புருஷன் தோல் கிடங்கில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று, கால் இரண்டும் புண்ணாகி, வீட்டோடு உட்கார்ந்துவிட்டவர். அந்த வீடு நடந்தது அவள் விரல்களால்தான்.

நான் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது அந்த ஷெட்டுக்குப் போவேன். வேலை இருந்ததால் அல்ல. நான் நுழைந்தாலே அவர்கள் சிரிக்கத் தயாராவார்கள், அதனால். மேனேஜர் எப்படி மூக்குப்பொடி போடுவார், காவல்காரக் கூர்க்கா எப்படித் தூங்கிக்கொண்டே சலாம் வைப்பார் என்று செய்து காட்டுவேன்.

“ஏ தம்பி, ஒன்ன நம்பிப் பொண்ணு குடுக்கவனுக்குச் சீர் வேண்டாம், சினிமா டிக்கெட்டும் மிச்சம்” என்பாள் அக்கா. கை மட்டும் நிற்காது.

யுத்தம் முடிந்த மறு வருஷம் மழைக்காலத்தில் அந்த மிஷின் வந்தது. கப்பலில் வந்து, பெரிய மரப்பெட்டியில் லாரி ஏறி, பன்னிரண்டு ஹமால்கள், சுமை தூக்கும் கூலிகள், இழுக்க உள்ளே நுழைந்தது. அதைப் பூட்டி ஓட்டிக்காட்ட ஒரு துரையும் கூட வந்தார். நெட்டை மனிதர், கறுப்பு எண்ணெய் படிந்த கைகள். அவருக்கு இங்கிலீஷ் மட்டும் தெரியும், ஷெட்டுக்குத் தமிழும் கொஞ்சம் பம்பாய் இந்தியும் தெரியும். நடுவில் என்னைத் தூக்கிப் போட்டார்கள். நான் உடனே முழுக்கால் சட்டை தைத்துக்கொண்டேன். ஷூ மட்டும் இரவல், ஒரு அளவு பெரியது. துரை பின்னால் நான் ஒருவன் நடந்தாலே இரண்டு பேர் நடக்கிற சத்தம் கேட்கும்.

மிஷின் ஒரு நிமிஷத்தில் ஒரு பெண் ஒரு மணி நேரத்தில் சுற்றுவதைச் சுற்றிவிடும் என்று மேனேஜர் பயம் காட்டியிருந்தார். ஓட விட்டார்கள். சுற்றத்தான் செய்தது. ஆனால் மூலை மடிக்கிற இடத்தில் தாள் பட்டென்று முறிந்தது. பத்துக்கு ஏழு சோப்பு கிழிந்த சட்டையோடு வெளியே வந்து விழுந்தது. துரை ஸ்குரூவைத் திருகினார், ஸ்பிரிங்கை மாற்றினார், வயிற்றைப் பிரித்தார், மூடினார். பத்து நாள். கிழிந்துகொண்டே இருந்தது.

பெண்களுக்கு ஒரே கொண்டாட்டம். மிஷினுக்குச் சம்பந்தியம்மா என்று பெயர் வைத்தார்கள்.

“மேளதாளத்தோட வந்து எறங்கினாவ. நம்ம வீட்டுத் துணிமணி ஒண்ணும் அவியளுக்குப் பிடிக்கல போலுக்கு” என்பாள் ஒருத்தி.

“எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுட்டுதாம்ளா சாப்பிட ஒக்காருவாவ” என்பாள் இன்னொருத்தி.

துரை என்னிடம் கேட்பார், ஏன் சிரிக்கிறார்கள் என்று. உங்கள் மிஷினின் வேகத்தைப் பார்த்து ஆச்சரியப்படுகிறார்கள் என்பேன். இப்படித்தான் என் மொழிபெயர்ப்பு. இந்தப் பக்கத்துக் கசப்பு அந்தப் பக்கம் போகும்போது நடுவில் நான் ஒரு கரண்டி சர்க்கரை போட்டு அனுப்புவேன். அதை ஒரு பெரிய திறமை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் ஒரு விஷயம் எனக்கு மட்டும் தெரிந்தது. மேனேஜர் துரையிடம் கறாராகச் சொல்லிவிட்டார்: சனிக்கிழமைக்குள் ஓடாவிட்டால் பெட்டியில் போட்டு வந்த கப்பலிலேயே திருப்பி அனுப்பப்படும். நான் கூடவே நின்று கேட்டேன். ஷெட்டில் போய்ச் சொல்லவில்லை. சனிக்கிழமை சம்பந்தியம்மாவை வழியனுப்பும்போது ஒரு பெரிய வேடிக்கையாகச் செய்து காட்டலாம் என்று சேர்த்துவைத்திருந்தேன்.

வியாழக்கிழமை காலை துரை ஷெட்டுக்குள் வந்து சும்மா நின்றார். அரை மணி நேரம் அக்காவின் கைகளையே பார்த்தார். அதே தாள், அதே சோப்பு, அவள் மடித்தால் மட்டும் மூலை முறியவில்லை. என்னைக் கூப்பிட்டு, இவள் என்ன செய்கிறாள் என்று கேட்கச் சொன்னார்.

கேட்டேன். அக்கா முதல் தடவையாகக் கையை நிறுத்தினாள்.

“என்னத்துக்குக் கேக்காரு?”

“மிஷினுக்குத் தாள் முறியுதுல்லா, அதுக்குத்தான்.”

“அதச் சொன்னா எங்களுக்கு என்ன ஆவும்னு கேளு தம்பி. அத மொதல்ல கேட்டுச் சொல்லு.”

ஷெட் முழுக்கக் கைகள் நின்றுவிட்டன. நான் துரையிடம் திரும்பிக் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. மிஷின் ஓடத் தொடங்கிவிட்டால் இவர்களில் ஒருவரும் தேவைப்படமாட்டார்கள், அதுதான் இந்த மிஷின், வருத்தமான விஷயம்தான் என்றார். நேர்மையான மனிதர். பொய் சொல்ல நான் பக்கத்தில் இருந்ததால் அவர் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை.

முப்பத்தாறு முகங்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. சிரிப்பதற்கு மட்டுமே என்னைப் பார்த்துப் பழகிய முகங்கள். அந்த முகங்கள் என் எதிரில் வாடி நான் பார்த்ததில்லை. அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான் காரணம். இத்தனை வருஷம் தேடியும் இதைவிடக் கௌரவமான காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

“மிஷின் ஓடுனா அதப் பாத்துக்கிடதுக்கு ஒன்ன மாதிரி வெவரம் தெரிஞ்ச ஆளுதான் வேணும்னு சொல்லுதாரு” என்றேன். விட்டேனா? மேலும் ஒரு கரண்டி போட்டேன். “இனிமே நீ டிரைவரம்மா. ஒனக்கு ஒரு தொப்பி தைக்கச் சொல்லணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். பிறகு ஒரு தாளை எடுத்தாள்.

மேலிருந்து கீழாகக் கிழித்தாள். நூல் பிடித்தாற்போல நேராகக் கிழிந்தது. இன்னொரு தாளைக் குறுக்காகக் கிழித்தாள். கோணல்மாணலாக, பல் முளைத்ததுபோல் வந்தது.

“துணிக்கு நெடுக்கப் பாவு, குறுக்க ஊடு இருக்குல்லா, தாளுக்கும் அப்படித்தான். பாவு போற போக்குல மடிச்சா மடியும். குறுக்க மடிச்சா முறியும். இந்தச் சட்டையை அச்சாபீசுல குறுக்க வெட்டி அனுப்புதான் பாவி. நாங்க நகத்து முதுகால ஒரு தடவு தடவிட்டு மடிப்போம். அந்தச் சம்பந்தியம்மாவுக்கு நகம் கிடையாதே. தாளையே திருப்பி வெட்டி அனுப்பச் சொல்லு, சரியாப் போவும்.”

இதை மட்டும் நான் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் இங்கிலீஷில் சொன்னேன். துரை இரண்டு தாளையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார். அக்காவிடம் கையை நீட்டினார். அவள் தன் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல், அந்தக் கையில் ஒரு சோப்பை வைத்தாள். ஷெட் அதிர்ந்தது சிரிப்பில்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருப்பி வெட்டிய தாள் வந்தது. சனிக்கிழமை மிஷின் ஓடியது. முறியவே இல்லை. வரிசையாக, ஒரே மாதிரி, புதுச்சட்டை போட்ட சோப்புகள் ஓடிவந்தன. பெண்கள் கதவோரம் கூட்டமாக நின்று பார்த்தார்கள். கை தட்டினார்கள். ஒருத்தி குலவையிட்டாள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை நோட்டீஸ் வந்தது. இங்கிலீஷில் நாலு வரி. தமிழில் படித்துச் சொல்ல என்னை அனுப்பினார்கள். அதற்கு முன் மேனேஜர் அறைக்கு ஓடினேன். ஒருத்தியையாவது மிஷினில் வையுங்கள், இந்தக் குறையைக் கண்டுபிடித்துச் சொன்னவளே அவள்தானே என்று கெஞ்சினேன். அவர் பொறுமையாக விளக்கினார். மிஷின் இரண்டு ஷிப்ட் ஓடும், ராத்திரி ஷிப்டில் பெண்களை வைக்கச் சட்டம் இடம் தராது, இரண்டு ஆண்கள் போதும், அவர்களும் வந்தாயிற்று. செலவு குறைந்தால் சோப்பு விலை குறையும், ஊருக்கே நல்லது என்றும் சொன்னார். சோப்பு விலை குறையவில்லை என்பதை நான் பிற்பாடு கடையில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஷெட்டுக்குப் போய்ப் படித்தேன். நாலு வரி. அன்றைக்கு என்னிடம் சர்க்கரை இல்லை.

 ஒருத்தி எழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தாள்.

“நீதான காட்டிக் குடுத்த?”

“நான் என்னத்தளா காட்டிக் குடுத்தேன்? அந்தத் துரை சொன்னதக் கேட்டுத்தான…”

“ஒனக்கு மட்டும் டிரைவர் வேலைன்னு பேசிக்கிட்டு எங்க வயித்துல மண்ணள்ளிப் போட்டுட்டியேட்டி. வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா அந்தச் சனியன் ஊரு போய்ச் சேந்திருக்குமே!”

மேனேஜர் கெடு வைத்தது அதற்குள், திருப்பி இழுக்கச் சொல்லிவைத்திருந்த ஹமால்கள் மூலம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டிருந்தது. அக்கா என் பக்கம் திரும்பினாள். தம்பி, துரை சொன்னதை நீயே சொல்லு என்கிற பார்வை. நான் நோட்டீஸை நாலாக மடித்துக்கொண்டிருந்தேன். மடித்து முடித்துவிட்டு, எட்டாக மடித்தேன்.

துரை ஏமாற்றிவிட்டார், அக்கா பேராசைப்பட்டுவிட்டாள் என்று சால் முழுக்க முடிவாயிற்று. என்னைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் வெறும் குழாய்தானே, தண்ணீர் வந்தால் குழாயை யார் சந்தேகப்படுவார்கள்?

எங்கள் சாலில் விடியற்காலையில் தண்ணீருக்கு ஆள் நிற்க வேண்டியதில்லை, குடம் நின்றால் போதும். ஒரே ஊர்க்காரிகள் ஒருத்தி குடத்தை ஒருத்தி நகர்த்திவிட்டு இடம் காப்பார்கள். அந்த வாரத்திலிருந்து அக்காவின் குடத்தை யாரும் நகர்த்தவில்லை. வைத்த இடத்திலேயே கிடக்கும், வரிசை அதைச் சுற்றிக்கொண்டு போகும். குழாய் நிற்கிற நேரத்துக்குக் காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். நான் பல்லில் வேப்பங்குச்சியோடு பார்த்துக்கொண்டிருப்பேன். பத்துத் தப்படி நடந்து, துரை அப்படிச் சொல்லவே இல்லை, நான்தான் சொன்னேன் என்று இரைந்து சொன்னால் போதும். பல்லை மட்டும் நன்றாக விளக்கினேன். அந்த மாதம் என் பல் இருந்த வெண்மை பிறகு ஒருநாளும் இருந்ததில்லை.

மொழிபெயர்ப்பு வேலைக்காகக் கம்பெனி எனக்குச் சம்பளம் உயர்த்தியது. நான் மாட்டுங்காவில் ஒரு மெஸ்ஸுக்கு மேல் மாடியில் இடம் பிடித்துத் தாராவியை விட்டு ஓடினேன். ஆபீஸ் பக்கம் என்றேன் கேட்டவர்களிடம். மாட்டுங்காவிலிருந்து ஆபீஸ் இன்னும் தூரம்.

ஒன்றரை வருஷம் போயிற்று. செம்பூரில் புது வீடுகள் கட்டிக்கொண்டிருந்த பக்கம் ஒரு மத்தியான வேளையில் போக வேண்டி வந்தது. சிமெண்டுச் சட்டி சுமக்கிற பெண்களின் வரிசையில் அக்காவைக் கண்டேன். கண்டுவிட்டு ஒரு மணல் குவியலுக்குப் பின்னால் நின்றுகொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு போனேன்.

சாப்பாட்டுக்கு விட்டிருந்தார்கள். தனியாக உட்கார்ந்து தூக்குப் போசியைத் திறந்துகொண்டிருந்தாள். விரல் நுனிகள் சிமெண்டில் வெடித்திருந்தன. மற்ற பெண்கள் தள்ளி ஒரு வேம்படியில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அதில் நாலைந்து பேரை எனக்கு அடையாளம் தெரிந்தது. எல்லாம் எங்கள் ஷெட்டு முகங்கள்.

“எப்ப வந்த? நல்லாருக்கியா? தடிச்சிட்டியே” என்றாள்.

“மாட்டுங்கா நெய்தான்க்கா. மாடிப்படி ரெண்டு ஒடிஞ்சு போச்சு” என்றேன். அவள் சிரிக்கவில்லை. என் வேடிக்கைக்கு அவள் சிரிக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

பக்கத்தில் உட்கார்ந்தேன். முழுக்கால் சட்டையில் சிமெண்டு ஒட்டியது. எல்லாவற்றையும் சொன்னேன். துரை உள்ளது உள்ளபடி சொன்னார் என்று சொன்னேன். ஒருத்தியும் தேவையில்லை என்றார், நான்தான் மாற்றினேன், டிரைவரம்மாவும் தொப்பியும் என் வாயில் வந்தவை, உன்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொன்னேன். சொல்லும்போது அழுதேன். கொஞ்சம் நன்றாகவே அழுதேன் என்று நினைக்கிறேன். அழுது முடித்ததும் லேசாகக்கூட இருந்தது.

அவள் கேட்டுக்கொண்டே சாப்பிட்டாள். போசியைக் கழுவினாள். மூடினாள். எழுந்து சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, வேம்படிப் பக்கம் முகத்தைத் திருப்பிச் சொன்னாள்:

“இத எங்கிட்ட என்னத்துக்குச் சொல்லுத, அவளுவகிட்ட போய்ச் சொல்லு.”